தகவலாளி

டெல்லி
18.7.1993

அன்புள்ள சித்ராவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்தேன். வழியில் வாங்கித் தின்ற பூரி இரண்டு நாள் வயிற்றைப் படுத்தியது, இப்போது சரி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாரா?

இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி. பொது நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? சேர்ந்திருப்பது அதில் இல்லை. ஆப்பிரிக்க ஆய்வுத் துறையில். அந்தக் கண்டத்தை ஐரோப்பியர் பங்கு போட்ட கதை, அங்குள்ள மொழிகள், இனக்குழுக்கள், விடுதலைக்குப் பிறகான அரசியல் எல்லாம் பாடம். முதல் நாள் பேராசிரியர் பெயர் எழுதாத வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டு, நாடுகளைச் சொல்லச் சொன்னார். ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. நான் பதினொன்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வகுப்பில் எட்டுப் பேர். ஆறு பேர் ஹாஸ்டல் அறைக்காகச் சேர்ந்தவர்கள். கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நான் அப்படி இல்லை. கறுப்பு நிறத்தைப் பற்றி நம் மனசுக்குள் என்னவெல்லாம் வைத்திருக்கிறோம் என்று ஒருவராவது நேர்மையாக எழுத வேண்டும்.

அப்பாவிடம் நீதான் பைய சொல்ல வேண்டும். எனக்குத் தைரியமில்லை.

அன்புடன்,
சிவசங்கரன்


திருநெல்வேலி டவுண்
9.8.1993

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்ரா எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். டெல்லித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா தினமும் என்னிடம் கேட்கிறாள், நான் என்னவோ அங்கே இருப்பது போல.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஆப்பிரிக்காவப் படிச்சா எந்தத் தாலுகா ஆபீஸ்ல வேலை குடுப்பான்?” என்றார். மூன்றாம் நாள் என் எம்.ஏ. விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தார். “ஒரு வீட்ல ஒருத்தர் சரித்திரம் படிச்சது போதும்” என்றார். பி.ஏ.யில் நான் வாங்கிய மெடலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சரி, அதை விடு.

நீ நம்பமாட்டாய், நம் வீட்டு மாடிக்குக் குடிவந்திருப்பது ஒரு ஆப்பிரிக்கர்! பாளையங்கோட்டையில் உனக்குப் பாடம் எடுத்த தேவசிகாமணி சார் ஒரு பையனைக் கூட்டி வந்தார். பீட்டர் முட்டுவா, கென்யா நாட்டுக்காரன், பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம். ஹாஸ்டலில் பாதிக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். பதினாலு வீட்டில் கேட்டும் கிடைக்கவில்லையாம். அப்பா இங்கிலீஷில், “மாமிசம் கூடாது, குடி கூடாது” என்று சட்டம் படித்தார். அவன் தமிழில், “சரிங்க ஐயா” என்றான். அப்பா சிரித்துவிட்டார். “ஐயம்பெருமாள் சார், ஒங்க பிள்ளை படிக்கிற கண்டம் வீடு தேடி வந்திருக்கு” என்று தேவசிகாமணி சார் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டார். உன் மேல் உள்ள கோபம் அவ்வளவுதான்.

கீரைக்கார ஆறுமுகத்தாய்க்கு முட்டுவா என்று வாயில் வரவில்லை, முத்தையா என்கிறாள். தெருவுக்கே இப்போது அவன் முத்தையாதான். அம்மா காலையில் காபி கொடுத்துவிடுகிறாள், மாடிப்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். அதற்கென்று விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாள். அவன் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான். என்னை அக்கா என்று கூப்பிடுகிறான். ஒரு வயசுதான் சின்னவன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
சித்ரலேகா


டெல்லி
23.8.1993

அன்புள்ள சித்ராவுக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே ஒவ்வொருவனும் ஒரு ஆப்பிரிக்கரிடம் பத்து நிமிஷம் பேச, தூதரக வாசலில் கால் கடுக்க நிற்கிறான். நம் வீட்டு மாடியில் ஒருவன்!

கேள்விகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவன் ஊர், குலம், நிலம் யார் கையில் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்தில் குடும்பம் என்ன பட்டது, அங்குள்ள இந்தியக் கடைக்காரர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள். பேச்சோடு பேச்சாகக் கேள். எனக்காகக் கேட்பதாகச் சொல்லிவிடாதே, யோசித்து யோசித்துப் பேசுவான். தகவலாளி தன்னை மறந்து பேசும்போதுதான் உண்மை வரும் என்று எங்களுக்குக் களஆய்வு வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்.

எம்.ஏ. விஷயம் படித்து வருத்தப்பட்டேன். அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அம்மா முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன்.

சிவசங்கரன்


திருநெல்வேலி டவுண்
21.11.1993

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். தீபாவளிக்கு நீ இல்லாமல் அம்மா முறுக்குச் சுற்றவில்லை, அதிரசம் மட்டும்தான். தைலம் வந்தது. அப்பாவுக்கு நீ எழுதிய கடிதமும் வந்தது. அதில் எம்.ஏ. பற்றி ஒன்றும் இல்லை. மறந்திருப்பாய்.

உன் கேள்வித்தாளை அவனிடம் நேராகவே கொடுத்துவிட்டேன். “என் அண்ணன் உங்கள் நாட்டைப் படிக்கிறான், அவனுக்காகக் கேட்கிறேன்” என்றேன். ஒளித்துக் கேட்க எனக்கு வரவில்லை. அவன் சந்தோஷப்பட்டான். நாலு நாள் யோசித்துவிட்டு ஒரு கேசட்டை எடுத்து வந்தான். அவன் தாத்தா பேசியது. அதைப் பதிவு செய்து இரண்டு மாதத்தில் தாத்தா இறந்துபோனாராம். வேறு பிரதி கிடையாது. சாயங்காலம் முற்றத்தில் வைத்து, அவன் கொஞ்சம் கேட்டு நிறுத்தி இங்கிலீஷில் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். அம்மாவும் வந்து உட்காருவாள், ஒன்றும் புரியாமல்.

தாத்தா உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து, மொம்பாசாவில் கப்பல் ஏறி இலங்கையில் இறங்கியிருக்கிறார். அங்கிருந்துதான் பர்மா. இலங்கையில் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு தமிழன் கடை. பயிற்சி முடிந்து வரும்போது அவன் இவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவானாம். மற்றவர்களுக்குப் பித்தளைச் செம்பு. இவர்களுக்கு மட்டும் தேய்த்து வழுவழுப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டை, ஆணியில் தனியாக மாட்டியிருக்கும். தாத்தா சொல்கிறார்: “எங்கள் ஊரில் விருந்தாளிக்குத்தான் தனிக் குடுவை வைப்போம். அந்த மனுஷன் எங்களுக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். தின்னவேலி என்றான்.” பர்மாவில் காய்ச்சலில் கிடந்தபோது அந்தத் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாராம். இந்தியக் கல்லூரிகளின் பட்டியல் கைக்கு வந்ததும் முட்டுவா தேடியது அந்த ஒரு பெயரைத்தான்.

எனக்கு எழுதின கை நின்றுவிட்டது. நம் பக்கத்தில் யாருக்குச் சிரட்டையில் ஊற்றுவார்கள், ஏன் ஊற்றுவார்கள் என்று உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. இதை எழுதவும் எழுதாதே அண்ணா. மற்றதெல்லாம் எடுத்துக்கொள்.

இன்னொன்று, உன்னிடம் மட்டும். ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொற்கைக்குக் கூட்டிப் போனேன். அம்மாவிடம் பொன்செல்வி வீட்டுக்கு என்று சொன்னேன். ஏரல் பஸ்ஸில் போய், மழைச் சகதியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். “பாண்டியர் துறைமுகம் இது, முத்து இங்கிருந்துதான் போனது” என்றேன். அவன் சுற்றிப் பார்த்து, “கடல் எங்கே அக்கா?” என்றான். “விலகிப் போய்விட்டது” என்றேன். அங்கே நிற்கும் பழைய வன்னி மரத்தின் இலையைப் பறித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். படித்தது ஒரு மனுஷனுக்குப் பயன்பட்டதே என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிறைவு.

கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பரீட்சை முடிந்து ஊருக்குப் போகுமுன் அவனுக்கு அது வேண்டும்.

சித்ரலேகா


டெல்லி
10.1.1994

அன்புள்ள சித்ராவுக்கு,

சுகம். குளிர் எலும்பைத் துளைக்கிறது. அவசரத்தில் எழுதுகிறேன்.

கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். பேராசிரியர் எழுந்து வந்து கை குலுக்கினார். கருத்தரங்கு மலரில் முதல் கட்டுரையே என்னுடையது. நைரோபியில் ஒரு வருஷம் ஆய்வு செய்ய என் பெயரைப் பரிந்துரை செய்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். விசாரணை நம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். அப்பாவிடம் சொல்லி வை.

சிரட்டையை விட முடியவில்லை சித்ரா. அதுதான் கட்டுரையின் உயிர். ஒரு மனிதனின் மரியாதை இன்னொரு மனிதனின் தீண்டாமையாக இருக்கும் இடம் அது. இதை எழுதாமல் விட்டால் நான் படித்ததற்கு அர்த்தமில்லை. பெயர் எதுவும் போடவில்லை. “திருநெல்வேலியில் வசிக்கும் தகவலாளி ஒருவர்” என்று மட்டும் இருக்கிறது.

கேசட்டைத் துறையில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேவசிகாமணி சாருக்கு மலரின் பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

சிவசங்கரன்


திருநெல்வேலி டவுண்
2.3.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம்.

மலர் வந்து சேர்ந்தது. “ஒன் தாத்தா கதை அச்சுல வந்திருக்குடே” என்று தேவசிகாமணி சார் அதை முட்டுவாவிடமே கொடுத்துவிட்டார். நல்ல மனசோடுதான் கொடுத்தார்.

மறுநாள் காலையில் காபி கொண்டுபோனபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். “அக்கா, சிரட்டைக்கு உங்கள் அண்ணன் எழுதியிருக்கும் அர்த்தம் உண்மையா?” என்றான். கொண்டுபோன டம்ளரை அவன் கையில் கொடுத்தேன். “உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?” என்றான். தெரியும் என்றேன். அவன் கையில் இருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நசுங்கின இடத்தை விரலால் தடவினான். பிறகு காபியை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டில் காபி குடிப்பதில்லை. “பரீட்சை நேரம், தூக்கம் கெடும் அம்மா” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அண்ணா, எழுதாதே என்று உன்னிடம் கேட்டிருந்தேன்.

நாங்குநேரியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை இஞ்சினீயர். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா மாடியை அண்ணாந்து பார்த்து, “இங்கன யாரு இருக்கா?” என்று கேட்டாள். அப்புறம் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அப்பா தெருவில் போய் யார் யாரிடமோ விசாரிக்கிறார். உனக்கும் எழுதியிருக்கிறேன் என்றார். என்ன எழுதினார்?

கேசட்டை அனுப்பு.

சித்ரலேகா


திருநெல்வேலி டவுண்
11.4.1994

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நாங்குநேரி சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது. மறுநாளே அப்பா வெள்ளைத்தாள் எடுத்துப் போலீசுக்கு மனு எழுதினார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் மனு வாங்கிய கை, எழுதவா தெரியாது? முட்டுவாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒழுக்கக்கேடு என்று புகார். காலையில் போனவனைச் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்களாம். கல்லூரியில் ஹால்டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை இருபத்தைந்தாம் தேதி. மூன்று வருஷப் படிப்பு அண்ணா.

மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். “ஏட்டி, நீ உள்ள போ” என்கிறார். நான் சொன்னால் நடக்காது. நீ சொன்னால் நடக்கும். உன் பேராசிரியர் கல்லூரி முதல்வருக்கு ஒரு வரி எழுதினாலும் நடக்கும். “இந்த மாணவன் எங்கள் ஆய்வுக்கு உதவியவன்” என்று ஒரே வரி. அது உண்மைதானே? எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் ஹாஸ்டலுக்கு மூன்று தடவை பேசினேன். நீ இல்லை என்றார்கள்.

போன வாரம் அதே ஸ்டேஷனிலிருந்து உன் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டையா வந்தார். அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பெருமையாகப் பேசி அனுப்பினார்.

உடனே எழுது.

சித்ரலேகா


டெல்லி
20.6.1994

அன்புள்ள சித்ராவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதங்கள் கிடைத்தன. பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து ருவாண்டாவில் நடக்கும் கொலைகளை நீ பேப்பரில் படித்திருப்பாய். துறையில் தினமும் கூட்டம், ஊர்வலம். உலகம் வாய்மூடி நிற்பதைக் கண்டித்து நாங்கள் தூதரகங்களுக்கு அனுப்பிய தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எழுதி முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

முட்டுவா விஷயத்தில் என்ன செய்யலாம் என்று நிறைய யோசித்தேன். பேராசிரியரை ஒரு உள்ளூர் விவகாரத்தில் இழுப்பது சரியாகப் படவில்லை. போலீஸ் விஷயத்தில் நாம் தலையிட்டால் அவனுக்கே கெடுதலாக முடியலாம். இதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

கேசட்டைத் துறையின் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததைத் திருப்பித் தருவதில்லையாம். ஒரு வகையில் நல்லதுதான், அங்கே பத்திரமாக இருக்கும்.

பாஸ்போர்ட் மே மாதமே வந்துவிட்டது. அப்பாவிடம் என் நன்றியைச் சொல்.

சிவசங்கரன்


பாளையங்கோட்டை
3.7.1994

அண்ணனுக்கு,

சுகம். விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இது வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் அறையில் கூட இருப்பவள் அக்தர் பானு, நர்ஸ். நல்ல பெண்.

எல்லாம் சரியாகியிருக்கும் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், கேள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி தேவசிகாமணி சாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். “அந்த மனுவில் உள்ள பெண் நான்தான், அதில் உள்ளது பொய் என்று எழுதித் தருகிறேன்” என்றேன். இன்ஸ்பெக்டர், “ஏம்மா, ஒங்கப்பா கவுர்மெண்ட்ல இருந்தவரு, பொய்யா எழுதுவாரு?” என்றார். “எழுதியிருக்காரு” என்றேன். “கலியாணம் ஆகவேண்டிய பிள்ளை இங்கன வந்து நிக்கப்படாது. வீட்டுக்குப் போங்க” என்றார். போகமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் ரைட்டர், படித்துவிட்டாவது போகட்டும் என்று மனுவை எடுத்துப் போட்டார்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. “7.11.93 ஞாயிறன்று, தோழி வீட்டுக்குச் செல்வதாகப் பொய் சொல்ல வைத்து, என் மகளைக் கெட்ட எண்ணத்துடன் கொற்கைக்கு அழைத்துச் சென்றார்.”

அந்த விஷயம் இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். ஒருவன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன்.

அப்பாவிடம் கேட்டேன். “ஒங்கண்ணன் கடுதாசி எழுதினான்” என்றார், ஒளிக்காமல். என் கடிதத்தையே உள்ளே வைத்து அனுப்பியிருந்தாயாம். அதே உறையில், பாஸ்போர்ட் விசாரணை தாமதமாகாமல் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தாயாம்.

முட்டுவா பரீட்சை எழுதவில்லை. மே ஒன்பதாம் தேதி ஜங்ஷனில் ரயில் ஏறினான். கிளம்பும்போது அம்மா, நாம் குடிக்கும் டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். “முழங்கால் எப்படி இருக்கும்மா?” என்று கேட்டான். குடிக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனான். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. மறுவாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சித்ரலேகா


நைரோபி
12.2.1995

அன்புள்ள சித்ராவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீ அதே விடுதியில்தான் இருப்பதாக அம்மா எழுதினாள். இங்கே வந்து நாலு மாதமாகிறது. நம் ஊர் மார்கழி போலக் காலைகள். உடம்பு நன்றாக இருக்கிறது. நீ சுகமா? பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?

எழுத வேண்டாம் என்றாய். கோபம் இத்தனை நாளில் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எழுதுகிறேன். அப்பா கேட்டார், என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் அதை வைத்து மனு எழுதுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நல்ல செய்தி. முட்டுவாவைக் கண்டுபிடித்துவிட்டேன். மச்சாகோஸ் என்ற ஊரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் இருந்தான். எனக்கு மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். அந்தப் பட்டாளத்தில் இருந்த கிழவர்கள் இருபத்துமூன்று பேரிடம் பேசியாயிற்று. டேப் ரிக்கார்டரைக் கண்டால் அவர்கள் பேசமாட்டார்களாம். அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். என்ன கதைகள் தெரியுமா? பேராசிரியர் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, புத்தகமாகவே போடலாம் என்று எழுதியிருக்கிறார்.

அவனுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மா எனக்காகத் தனியாகச் சைவம் சமைத்துப் போட்டாள். இந்த மக்களின் மனசே அப்படி, எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. உன்னைக் கேட்டான். நன்றாக இருக்கிறாய் என்றேன்.

தமிழிலும் எழுதி வருகிறேன். நாற்பது பக்கம் இத்துடன் இருக்கிறது. நீதான் முதலில் படிக்க வேண்டும். அவனிடம் நாள் கணக்கில் உட்கார்ந்து கேட்டவள் நீ. எங்கேயாவது தப்பாகப் பட்டால் தயங்காமல் எழுது. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சிவசங்கரன்


மச்சாகோஸ்
5.3.1995
(ஆங்கிலத்தில் எழுதியது)

அன்புள்ள சித்ரலேகா அக்காவுக்கு,

வணக்கம். நானும் என் தாயாரும் தங்கைகளும் நலம். உங்கள் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் விலாசத்தைத் தேவசிகாமணி சார் அனுப்பினார். ஸ்டேஷனுக்கு நீங்கள் போனதையும் அவர்தான் எழுதினார். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கிளம்பும்போது உங்களிடம் வேறு மாதிரி விடைபெற்றிருப்பேன்.

உங்கள் அண்ணன் கடைக்கு வந்தார். வேலை கொடுத்தார். பட்டம் இல்லாதவனுக்கு இங்கே வேலைகள் குறைவு, ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு நாள் பெரியவர்கள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். மூன்றாம் நாள் கியோகோ என்ற பெரியவர், பர்மாவில் தன் தம்பியைச் சேற்றில் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு கல் கூடக் கிடைக்காமல் நகர்ந்ததைச் சொன்னார். ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததாம். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. முடித்ததும் பேனாவைத் தட்டி, “சிரட்டை மாதிரி ஏதாவது இவரிடம் இருக்கிறதா, கேள்” என்றார்.

அன்றிலிருந்து நான் மொழிபெயர்ப்பதில்லை அக்கா. அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நானாக வேறொன்றைச் சொல்கிறேன். சிங்கம் கனவில் வந்தது, கப்பலில் நிலாவைப் பார்த்துப் பாடினார்கள், இந்திய வீரனும் ஆப்பிரிக்க வீரனும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். எல்லாம் என் கற்பனை. டேப் ரிக்கார்டர் வேண்டாம் என்றவர்கள் கிழவர்கள் அல்ல, நான். அவர் ரொம்ப சந்தோஷமாக எழுதிக்கொள்கிறார். இதுவரை ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

உண்மையில் அவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து எங்கள் மொழியில் எழுதி வைக்கிறேன். ஐந்து நோட்டு ஆகியிருக்கிறது. அது எங்களிடம் இருக்கும்.

இது சரியா என்று எனக்குத் தெரியாது. செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் அவருடைய தங்கை. ஒரு வார்த்தை எழுதினால் அவர் தப்பித்துவிடுவார். எழுதாதீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்; உங்களை அப்படி ஒரு இடத்தில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. உங்களிடம் மட்டும் ஒளிக்கக்கூடாது என்று எழுதினேன்.

தம்பி
பீட்டர் முட்டுவா


பாளையங்கோட்டை
2.4.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்ரா எழுதுகிறேன். நான் சுகம். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டோடு இருந்ததால் யாரென்று தெரியாமல், “யாரு, நர்ஸா?” என்றார். அம்மாதான், “சித்ரா வந்திருக்கா” என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். ஆற்றில் தண்ணீர் குறைந்து, இப்போதே வெயில் தாங்கவில்லை.

எனக்கு எம்.ஏ. அஞ்சல் வழியில் இடம் கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

நீ அனுப்பிய நாற்பது பக்கமும் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். கடைசியில் நேற்று முழு நாளும் லீவு போட்டு, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சிங்கம் கனவில் வருவதையும், கப்பலில் பாடுவதையும், ரொட்டியைப் பிய்த்துத் தின்பதையும் இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். படிக்கிறவர்கள் நம்புவார்கள்.

தப்பு இருந்தால் தயங்காமல் எழுதச் சொன்னாய். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது. இருபத்தாறாம் பக்கத்தில் ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ போட்டிருக்கிறாய். இரண்டையும் திருத்திவிட்டேன். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. இப்படியே அச்சுக்குக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
சித்ரலேகா